ஸும்ராவின் சோடாப் பரீட்சை

கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகிற பஸ்ஸில் மீன் பெட்டி ஏற்றக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் ஒரு மனிதன் வெள்ளை றெஜிபோம் ஐஸ்பெட்டியொன்றை மடியில் வைத்து, பிறந்த பிள்ளையைப் போல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்கும் வாய் சும்மா இருக்காது.

"என்ன நானா, இறாலா?" என்று கேட்டான் கொண்டக்டர்.

"அதவிடப் பெறுமதியான சாமான்," என்றார் லத்தீப்.

பின் சீற்றில் இருந்த பெரியவருக்கு ஆவல் வந்துவிட்டது. எழும்பி எட்டிப் பார்த்தார். "சிங்கி இறாலா தம்பி? கிலோ என்ன போகுது?"

"இது நிறுத்துக் குடுக்கிற சாமானில்ல காக்கா. அளந்து குடுக்கிறது."

பக்கத்தில் இருந்த ஸும்ரா முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாப்பா, அல்லாவுக்காக வாயப் பொத்துங்க," என்றாள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதற்குமேல் எப்படிச் சொல்வது? பெட்டிக்குள்ளே, ஐஸ்கட்டிகளுக்கு நடுவில், சொகுசாகப் பயணம் செய்துகொண்டிருந்தது அவளுடைய சலம், அதாவது சிறுநீர்.

லத்தீப்புக்கு மாம்புரியில் வீடு, களப்போரத்தில் கொஞ்சம் உப்பளம், ஊர் முழுக்கப் பகிடிக்காரன் என்ற பெயர். சாவு விழுந்த மையத்து வீட்டில்கூட அவரைப் பின்வரிசையில்தான் உட்கார வைப்பார்கள். முன்னால் இருத்தினால் யாராவது சிரித்துவிடுவார்கள் என்ற பயம். மனிசனுக்குப் பயம் வந்தால் பகிடி கூடும், பயம் முற்றினால் பகிடி நின்றுவிடும் என்பது அவருடைய மனைவி அஸீஸாவுக்கு மட்டும் தெரிந்த கணக்கு. ஆனால் அன்றைய பகிடி பயத்தில் வந்ததல்ல. சந்தோசம் தலைக்கேறி வந்தது. காலையில் அந்தச் சலத்துக்குள் முக்கி எடுத்த கடதாசித் துண்டு நீலமாகியிருந்தது.

ஸும்ராவைக் கைக்குழந்தையில் கொஞ்சியவர்கள் எல்லாரும் உதட்டை நக்கிக்கொண்டு, "என்ன இவ, இப்பிடி உப்புக் கரிக்கிறா?" என்று கேட்டிருக்கிறார்கள். "உப்பளக்காரன்ட புள்ள சீனியாவா இரிக்கும்?" என்பார் லத்தீப். ஊரும் அதை ஏற்றுக்கொண்டது. அந்தப் பக்கத்தில் யாரை நக்கிப் பார்த்தாலும் உப்புத்தான். ஆனால் ஊர்ப் பிள்ளைகளுக்கு வருகிற இருமல் போய்விடும்; இவளுக்கு வருகிற இருமல் தங்கிவிடும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. வெயில் கூடிய நாளில் சுருண்டு விழுவாள். கடைசியில், மாதத்துக்கு ஒரு தரம் தில்லையடிக்கு வருகிற டொக்டர் றோசமேரிதான் வியாதிக்குப் பெயர் வைத்தார்: சிஸ்டிக் பைப்ரோசிஸ். அந்தப் பெயரை ஒழுங்காகச் சொல்லப் பழகவே லத்தீப்புக்கு ஒரு கிழமை போனது.

டொக்டர் சிலாபத்துக்காரி. பாதி தமிழ், கொஞ்சம் சிங்களம், மிச்சம் ஏச்சு. விளங்கப்படுத்துவதில் மட்டும் பொறுமைசாலி.

"நானா, உங்களுக்கு மடை தெரியும்தானே?" என்று அவர் தொடங்கினார்.

"மடை தெரியாட்டி எனக்கு வேற என்னதான் டொக்டர் தெரியும்?"

"ஹரி, நல்லது. உப்பளத்தில பாத்திக்குப் பாத்தி தண்ணி மாற மடைக்கதவு இருக்குதே, அப்பிடி உடம்புக்குள்ளயும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கதவுகள் இருக்கு. மகளுக்கு அந்தக் கதவு சரியாத் திறக்குதில்ல. தோலில திறக்காட்டி உப்பெல்லாம் வேர்வையோட வெளியில போகும். நெஞ்சில திறக்காட்டி சளி இறுகும். அதே கதவு சிறுநீரகத்திலயும் இருக்கு."

"அங்க அதுக்கு என்ன வேலை?"

"ரத்தத்தில புளிப்பும் கூடக் கூடாது, சோடாத் தன்மையும் கூடக் கூடாது. அதச் சமமா வச்சிருக்கிற வேலை சிறுநீரகத்துக்கு. சுகமான ஆள் அப்பச்சோடாவக் கரைச்சுக் குடிச்சா, ரெண்டு மூண்டு மணித்தியாலத்தில கூடினத சலத்தோட வெளியில தள்ளிப்போடும். மகளுக்கு அந்தக் கதவு பழுது. தள்ளாது. உள்ளுக்கயே நிக்கும்."

இந்தப் பாடம் தேவைப்பட்டதற்குக் காரணம் சியாம். அஸீஸாவின் தம்பி, கட்டாரில் வேலை. எங்கெங்கோ விசாரித்து, எவரெவரையோ பிடித்து, அந்தக் கதவையே திறக்கிற குளிசை மருந்தில் ஒரு பெட்டி அனுப்பியிருந்தான். டொக்டர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார்: எல்லாருக்கும் இது கேட்காது, கதவு எந்த விதத்தில் பழுது என்பதைப் பொறுத்தது. கேட்காவிட்டால் நிறுத்த வேண்டும், ஈரலைக் கெடுக்கும். அதற்குப் பிறகு கொடுக்க அவர் கையில் வேறு மருந்து இல்லை. கேட்கிறதா என்று வேர்வையைப் பரிசோதித்துப் பார்க்கலாம்தான், ஆனால் அதற்குக் கொழும்பு போக வேண்டும். நாள் கிடைக்கப் பெருநாள் வந்துவிடும்.

"அதுக்கு முந்திச் சலம் சொல்லும்," என்றார் டொக்டர். "குளிசைக்கு முதல் ஒருக்கா, குளிசை தொடங்கிப் பிறகு ஒருக்கா, சோடா குடிச்சுப் பாப்பம்."

குளிசைக்கு முந்திய பரிசோதனை கிளினிக்கில்தான் நடந்தது. சோடாத் தண்ணியை ஒரு மிடறு குடித்ததும் ஸும்ரா கிளாஸை வைத்துவிட்டாள். லத்தீப் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு: வாய்க்கு ஆகாத மருந்தை எவரும் தனியாகக் குடிப்பதில்லை. அஸீஸாவின் பிள்ளைப்பேற்றுக் காலத்தில் காயமருந்தைக் கூட இருந்து குடித்தே ஒரு சுற்றுப் பருத்தவர் லத்தீப். அவர் இன்னொரு கிளாஸ் சோடா கேட்டு வாங்கி ஒரே மூச்சில் இழுத்துவிட்டு, வரிசையில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி பெரிய ஏப்பமாக ஒரு ஏவறை விட்டார். மகள் சிரிப்போடு மிச்சத்தைக் குடித்தாள்.

"நல்லதாப் போச்சு," என்றார் டொக்டர். "ஒப்பிட்டுப் பாக்கச் சுகமான ஆள் ஒண்டு வேணும். நீங்களும் சலம் தாங்க."

சலத்தில் சோடா இருந்தால் நீலமாகிற கடதாசியை டொக்டர் முக்கினார்; லத்தீப்புடையது கற்பிட்டிக் கடலைப் போல நீலமானது. ஸும்ராவுடையது மஞ்சளாகவே நின்றது. தான் வாழ்க்கையில் பாஸான ஒரே பரீட்சை இதுதான் என்று அந்த இடத்திலேயே அவர் பெருமையடித்தார். ஆனால் வீடு வந்து சேரும்வரை பஸ்ஸில் வாயே திறக்கவில்லை. மஞ்சள் கடதாசியைவிட அதுதான் ஸும்ராவுக்குப் பயமாக இருந்தது.

குளிசை தொடங்கி நான்கு கிழமைக்குப் பிறகு இரண்டாவது பரிசோதனை. கிளினிக் கக்கூஸுக்கு மறுபடி போக முடியாது என்று ஸும்ரா ஒற்றைக்காலில் நின்றாள். அந்தக் கதவுக்குக் கொண்டி இல்லை. போன தரம் அஸீஸா வெளியே முதுகால் கதவைத் தாங்கிக்கொண்டு நிற்க, உள்ளே மகள் அழுதிருக்கிறாள். டொக்டர் மனமிரங்கி, அளந்த சோடாவும் பெரிய ஜக்கும் மூடியுள்ள போத்தல்களும் சில கடதாசித் துண்டுகளும் கொடுத்து, வீட்டிலேயே செய்யச் சொன்னார். கூடவே கட்டளைகள். மூன்று மணித்தியாலத்துச் சலம் முழுக்க வேண்டும். போத்தலில் காற்றுக்கு இடமில்லாமல் விளிம்புவரை நிரப்பி இறுக்கி மூட வேண்டும். ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டுவர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னது: "ஒரு துளியும் வெளியில போகக் கூடாது மகள். ஒரு துளியும்!"

ஐஸ் என்றதும் அஸீஸா தன் பிரிஜ்ஜுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "நஜீஸ் வச்ச இடத்தில நாளைக்கு நான் பால் வைக்கவா? இது வீடா, வேற என்னவுமா?" அதனால்தான் மீன்காரரிடம் இரவல் வாங்கிய றெஜிபோம் பெட்டி.

அன்று காலை வாப்பாவும் மகளும் முற்றத்தில் நின்று கிளாஸோடு கிளாஸ் இடித்துச் சோடா குடித்தார்கள். நேரம் முடிந்ததும் லத்தீப் கடதாசியை முக்கினார். மஞ்சள் பச்சையாகி, பச்சை நீலமாகிக்கொண்டு வந்தது. தன்னுடையதையும் முக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல இருந்தன. அஸீஸா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சுவரோடு சாய்ந்துவிட்டாள். பிறகு எழும்பி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஊருக்கு இனிப்புக் கொடுக்க வட்டிலப்பத்துக்கு முட்டை உடைக்கத் தொடங்கினாள். லத்தீப் கட்டாருக்குப் போன் எடுத்து, "மச்சான், உங்கட மருமகள் பாஸ்!" என்று கத்தினார். சியாம் அந்தப் பக்கத்தில் அழுதது களப்புவரை கேட்டது.

இப்படிப்பட்ட சலம்தான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது. இறாலைவிடப் பெறுமதி என்று லத்தீப் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

தில்லையடியில் டொக்டர் பெட்டியைத் திறந்து, ஒரு போத்தலை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று. மேசை நிறைந்தது.

"இதெல்லாம் மகளுடையதா? எருமைமாடு ஒண்டும் உதவிக்கு வரல்லையே?"

"பாத்தீங்களா டொக்டர்! மருந்து எல்லா மடையையும் சேத்துத் திறந்து விட்டிட்டு."

டொக்டர் சிரிக்கவில்லை. போத்தலொன்றோடு பக்கத்து அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"இதில சலம் கொஞ்சம்தான் இருக்கு நானா. மிச்சம் தண்ணி."

"தாகத்துக்குக் கூடக் குடிச்சிருப்பா..."

"குடிச்ச தண்ணியில்ல. உடம்புக்குள்ள போய் வந்த தண்ணிய எனக்குத் தெரியும்." ஸும்ராவின் பக்கம் திரும்பினார். "மகள், ஏசமாட்டன். ஜக்குக்குள்ள தண்ணி விட்டீங்களா?"

"நான் ஒண்டும் விடல்ல டொக்டர்."

"கொஞ்சமும்?"

"இல்ல." அவள் முக்காட்டு நுனியைச் சுருட்டினாள். "கழுவினது மட்டும்தான்."

லத்தீப்புக்கு உடனே விளங்கிவிட்டது. மேலே சுற்றுகிற விசிறியை வாழ்க்கையில் முதல் தரம் பார்ப்பவர் போல அண்ணாந்து பார்த்தார்.

"நீங்கதானே சொன்னீங்க, ஒரு துளியும் வெளியில போகக் கூடாதெண்டு," என்றாள் ஸும்ரா, அழுகிற குரலில். "கழுவுற தண்ணியோடயும் துளி போகும்தானே? அதால ஜக்க எடுக்காம அதுக்குள்ளயே கழுவினன். போன ஒவ்வொரு தரமும் மூண்டு பேணி தண்ணி."

டொக்டர் கையிலிருந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். இவ்வளவு கீழ்ப்படிவான ஒரு நோயாளியை அவர் கண்டதில்லை.

"அனே மகள்," என்றார் மெதுவாக. "பிழை என்னில. துளியச் சொன்ன நான் கழுவுறதச் சொல்லல்ல." பிறகு ஏதோ தட்டுப்பட்டவராக, "உங்கட வீட்டுக் கேத்தல் அடியில வெள்ளையாப் படியுதா?" என்று கேட்டார்.

"ஓம். உம்மா தேசிக்காய் போட்டு உரஞ்சுவா."

"அதுதான். சுண்ணாம்புத் தண்ணி. சோடாவுக்கு அது ஒண்டுவிட்ட சகோதரம். கடதாசி நீலமானது குளிசையாலயா, கிணத்தாலயா எண்டு சொல்ல ஏலாது. இந்தப் போத்தல்களில இருக்கிறது மகள்ட ரிப்போட் இல்ல, கிணத்தின்ட ரிப்போட்."

"அப்ப மருந்து..."

"தெரியாது நானா. கேக்குது எண்டும் இல்ல, கேக்கல்ல எண்டும் இல்ல. குளிசைய நிப்பாட்டாதீங்க. அடுத்த சனிக்கிழமை உங்களுக்காகவே வாறன். இஞ்சயே செய்வம்."

அந்த நேரம் பார்த்து லத்தீப்பின் போன் அடித்தது. அஸீஸா. வட்டிலப்பம் கடைசி வீடுவரை போய்விட்டது, பள்ளிவாசலுக்கும் ஒரு கிண்ணம் அனுப்பியாயிற்று, டொக்டர் என்ன சொன்னார்?

"கிணத்துக்கு நல்ல சுகமாம்," என்றார் லத்தீப்.

அந்தப் பக்கம் கிண்ணம் கழுவுகிற சத்தம் நின்றது. பிறகு, "என்னத்துக்குப் பயந்து போயிரிக்கிறீங்க?" என்று கேட்டாள் அஸீஸா.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் லத்தீப்புக்குத் தண்டனை. ரோட்டில் கண்டவர்கள் எல்லாரும் கையைப் பிடித்து, "மாஷா அல்லாஹ், மகளுக்குச் சுகமாமே, வட்டிலப்பம் நல்ல பதம்," என்றார்கள். கிணற்றின் சுகத்துக்காக ஊரே இனிப்புச் சாப்பிட்ட விசயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? சியாமுக்கு மட்டும் உண்மையைச் சொன்னார். அடுத்த பெட்டிக்குச் சொல்லிவிட்டேன் மச்சான், இப்போது என்ன செய்ய என்று கேட்டான் சியாம். "சனிக்கிழமை வரைக்கும் துஆ செய்யுங்க," என்றதோடு போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஸும்ரா உப்பளத்துக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். வரம்பில் உட்கார்ந்து, அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்: "வாப்பா, நாளைக்கு நான் பெயிலானா?"

"பெயிலானா பெரிய சிக்கல்," என்றார் லத்தீப். "வட்டிலப்பத்தத் திருப்பிக் கேக்க ஏலாது. பள்ளியில மோதினார் கிண்ணத்தையும் நக்கிப்போட்டாராம்."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுடைய சிரிப்பு எப்போதும் இருமலில்தான் போய் முடியும். லத்தீப் பழக்கதோசத்தில் தண்ணிப் போத்தலை எடுத்து நீட்டினார். சிரிப்பு முடிந்தது. இருமல் வரவில்லை. நீட்டிய போத்தல் கையிலேயே இருந்தது. அவர் அதைப்பற்றி ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. ஒரு தரம் கிணற்றை நம்பி ஊருக்கு இனிப்புக் கொடுத்தவனுக்கு இன்னொரு தரம் நம்பத் துணிவு வரவில்லை.

சனிக்கிழமை காலையில் டொக்டர் வந்தபோது கிளினிக் கக்கூஸ் வாசலில் லத்தீப் குந்தியிருந்தார். கையில் திருப்புளி, வாயில் இரண்டு திருகாணி, பக்கத்தில் புதுக் கொண்டி.

"என்ன நானா, இது எந்த வைத்தியம்?"

லத்தீப் ஆணியைத் துப்பிக் கையில் எடுத்தார். "இந்த விசயத்தில உள்ள கதவுகளுக்குள்ள என்னால சரி செய்ய ஏலுமானது இது ஒண்டுதான் டொக்டர்."

டொக்டர் குனிந்தார். கொண்டியை ஒரு தரம் போட்டுத் திறந்து பார்த்துவிட்டு, "நல்லா இறுக்குங்க," என்று மட்டும் சொன்னார்.

பிறகு ஸும்ராவைக் கூப்பிட்டு வைத்து, இந்த முறை துளியைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "முதல் ஜக்க எடுத்து அங்கால வைங்க. மூடுங்க. பிறகு ஆறுதலா எத்தின பேணி வேணுமெண்டாலும் கழுவுங்க." சோடாவைக் கரைத்தார். லத்தீப் தன் கிளாஸை நீட்டினார்.

"உங்கட சலம் இந்த முறை தேவையில்ல நானா."

"சலம் தேவையில்லாட்டிப் பரவாயில்ல. வாய்க்கு ஆகாதத் தனியாக் குடிக்கிற பழக்கம் எங்கட வீட்டில இல்ல."

ஏவறை இந்த முறையும் குறையில்லாமல் வந்தது.

காத்திருந்தார்கள். ஸும்ரா போனாள், கொண்டி விழுகிற சத்தம் கேட்டது, வந்தாள். பிறகும் போனாள். நேரம் முடிந்தபோது ஜக்கில் இருந்தது கொஞ்சம்தான். அஸீஸாவின் குழம்புச் சட்டியில் அடிக்குக் காணாது. டொக்டர் கடதாசியை முக்கி வெள்ளைத் துணியில் வைத்தார். மூன்று தலைகள் குனிந்தன.

பச்சை. அப்படியே பச்சையில் நின்றுவிட்டது.

லத்தீப் பார்த்துக்கொண்டே இருந்தார். நீலம் வரும், இப்போது வரும் என்று பார்த்தார். வரவில்லை. அவருடைய வாயிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. டொக்டர் ஜக்கோடு பக்கத்து அறைக்குள் போனார். ஸும்ரா வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள்; அது பஸ்ஸில் வாயே திறக்காமல் வந்த அன்றைய முகம். அவள் மெல்ல அவருடைய சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

டொக்டர் திரும்பி வந்தார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

"என்ன ரெண்டு பேரும் மையத்து வீட்டில இருக்கிற மாதிரி?"

"நீலமாகல்லையே டொக்டர்," என்றார் லத்தீப்.

"நீலம் உங்கட நிறம். முதல் தரம் இவவுக்கு என்ன நிறம்?"

"மஞ்சள்."

"இண்டைக்கு?"

ஸும்ராதான் சொன்னாள்: "பச்சை."

"கணக்கும் பாத்திட்டன். இண்டைக்கு இருக்கிறது கலப்பில்லாத சலம், வெளியில வந்திருக்கிற சோடா அண்டைக்கு வந்ததவிட எத்தினையோ மடங்கு. மடை முழுசாத் திறக்கல்ல நானா. ஆனா திறந்திருக்கு. மச்சானுக்குச் சொல்லுங்க, அடுத்த பெட்டிய அனுப்பட்டும்."

லத்தீப் தரையில் கிடந்த திருப்புளியை எடுத்தார். எழும்பிப் போய், புதிதாகப் போட்ட கொண்டியைக் காரணமில்லாமல் இன்னொரு தரம் இறுக்கினார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள வேறு இடம் அங்கே இருக்கவில்லை.

அஸீஸாவுக்கு ஸும்ராதான் போன் எடுத்துச் சொன்னாள். "பச்சை எண்டா என்ன, நல்லதா கெட்டதா?" என்று அஸீஸா கத்தினாள். நல்லது என்றதும் அழுதாள். அழுது முடித்து, "இன்னொருக்கா வட்டிலப்பம் போட்டா இப்ப எதுக்கெண்டு சனம் கேக்குமே?" என்று கவலைப்பட்டாள். "போன தரம் கிணத்துக்கு, இந்தத் தரம் எனக்கெண்டு சொல்லுங்க உம்மா," என்றாள் மகள்.

திரும்பும் பஸ்ஸில் அதே கொண்டக்டர். லத்தீப்பின் வெறும் மடியைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்ன நானா, இண்டைக்குப் பெட்டியக் காணல்ல? சாமான் எங்க?"

லத்தீப் வாயைத் திறந்தார். பாலாவிப் பக்கத்து உப்பளங்களை யன்னலூடாகப் பார்க்கத் தொடங்கினார், தன் வாழ்நாளில் உப்பைக் கண்டிராதவர் போல.

பக்கத்து சீற்றிலிருந்து ஸும்ரா முக்காட்டை நாடிக்குக் கீழே இறக்கினாள்.

"எல்லாம் குடுத்து முடிஞ்சுது நானா," என்றாள். "ஒரு துளியும் மிச்சமில்ல."